மொட்டை அடித்த அம்மாவின் படம்

இன்று நடந்தது, வரிசையாக:
1. கேட்காமல் ஒரு படம் எடுத்தேன்.
2. உடனே அழித்தேன்.
3. அழித்ததே மரியாதை.

கிரிவலப் பாதையில், அப்போதுதான் மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய ஒரு பெண்மணி தலையைத் தடவிச் சிரித்துக்கொண்டிருந்தார். கைப்பேசியில் எடுத்துவிட்டேன். அவர் நேராக என்னிடம் வரவே பயந்து, கண்ணெதிரிலேயே அழித்து மன்னிப்புக் கேட்டேன்.

“ஏங்க சார் அழிச்சிட்டீங்க? ஆஸ்பத்திரியில பொண்ணு பொழச்சிட்டா. வேண்டுதல முடிச்சிட்டேன்னு அவளுக்கு அனுப்பச் சொல்லலாம்னு வந்தேன். எங்கிட்ட பட்டன் போன்தான்.”

மறுபடி எடுத்துக் காட்டினேன்.

“இன்னா சார், முடி போனதுக்கு அழுவுறாப்பல இருக்குது. பாத்தா அவளும் அழுவா.”

அவருக்குச் சிரிப்பு வரும்வரை எடுத்து, மகளுக்கு அனுப்பினேன்.

“முன்னவிட இப்பதான் அழகா இருக்கம்மா” என்று உடனே பதில் வந்தது.

யாரும் கோபிக்கும் முன்பே மன்னிப்புக் கேட்பவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா?

மேலே மூன்றாவதாகச் சொன்னது தவறு.