அந்த நிமிஷமே சொல்லணும்

எனக்கு வாய் சும்மா இருக்காது. யாராவது பிழையாகப் பேசினால் முகத்துக்கு நேரே திருத்திவிடுவேன். தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. மாதம் ஒருமுறை கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கும் அங்கேதான்.

கிளினிக்குக்கு வரும் சிங்கள மருத்துவிச்சியை மிஸ்ஸி என்போம். அவர், பென்சனுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது தமிழ் பேசத் தொடங்கினார். என்ன சொன்னாலும் எங்கள் பெண்கள் "சரிங்க மிஸ்ஸி" என்று தலையாட்டுவார்கள். விளங்கவில்லை என்று சொல்வது எங்களுக்கு மரியாதைக் குறைவு. தோட்டத்துத் துரைக்கும் அதே தலையாட்டல்தான், டாக்டருக்கும் அதேதான். நான் மட்டும் எல்லார் முன்னாலும் இரண்டு தடவை மிஸ்ஸியைத் திருத்தினேன். பக்கத்தில் இருந்தவள் என் தொடையில் கிள்ளினாள். என் சிங்களத்தைக் கேட்டுக் கடைத்தெருவில் ஆட்கள் சிரித்தபோது எனக்கும் அவமானமாகத்தானே இருந்தது? இனித் தனியாகச் சொல்வோம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த மாதம், முதல் பிள்ளையைப் பறிகொடுத்து இரண்டாவதை எட்டு மாதமாகச் சுமந்த ஒருத்தி வந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. தலைவலி வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சொல்ல நினைத்த மிஸ்ஸி, அடுத்த கிளினிக்குக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள். எல்லாரும் போனபிறகு, பெரிய நாகரிகக்காரி மாதிரி மிஸ்ஸியிடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன்.

மிஸ்ஸியின் முகம் வெளுத்துப்போனது. குடையைக்கூட எடுக்காமல் மழையில் அவள் குடியிருக்கும் மேல் லயத்துக்கு ஏறினார்; நானும் பின்னால் ஓடினேன். நானே பாதியில் நின்று மூச்சு வாங்கும் படிகள் அவை. அவள் வாசலில் நின்று, முதலில் சொன்னது பிழை என்று தன் உடைந்த தமிழில் ஒப்புக்கொண்டு, எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். பிறகு அவளைத் திருப்பிச் சொல்லவைத்தார்.

சொல்லி முடித்தவள் தரையைப் பார்த்தாள். "ரெண்டு நாளா தலவலிதாங்க மிஸ்ஸி."

உடனே அவளைத் திரீவீலரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் மிஸ்ஸி அவள் கையை விடவில்லை. என்னிடம் சிங்களத்தில் கேட்டார்: "எல்லார் முன்னாலயும் அந்த நிமிஷமே ஏன் என்னய நிப்பாட்டல? எனக்குன்னா வெக்கம் மட்டுந்தானே, அவளுக்குப் புள்ள." என்ன மனுஷி அப்பா இவர்! மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலேயே பிரசவமாகி, தாயும் பிள்ளையும் பிழைத்து வந்தார்கள். அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸி பேசத் தொடங்கியதும், பிள்ளையை மடியில் போட்டிருந்த அவள்தான் எல்லாருக்கும் முன்னால் கையைத் தூக்கினாள்.

"மிஸ்ஸி, வெளங்கலைங்க."