அபூ நவார் வெட்டிய முன்தாள்

பாக்தாதில் பழைய கையெழுத்துப் பிரதிகள் வாங்கி விற்ற அபூ நவாரின் கடையில் ஒரே ஒரு நாற்காலிதான். வாங்க வருகிறவர் நிற்க வேண்டும். விற்க வருகிறவருக்குத்தான் அது. பொருளாதாரத் தடை வந்த வருஷங்களில் அது காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஹில்லா பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்த எனக்கு, பாதிப் படிப்பு அந்தக் கடையில் நின்றபடிதான் நடந்தது.

பிரதி கைக்கு வந்ததும் அவர் முன்தாளை வெட்டி எடுத்துவிடுவார். சொந்தக்காரர் பெயரும் பிள்ளைகள் பிறந்த தேதிகளும் அதில்தான் இருக்கும். தாள் போனால் விலை இறங்கும்; ஆனாலும் வெட்டுவார். "எந்த வீட்ல அடுப்பு எரியலைன்னு ஊருக்கே தெரியணுமா?" என்பார். வெட்டிய தாள்களில் இறைவன் பெயர் இருக்கும் என்பதால் குப்பையில் போடமாட்டார். டைகிரிஸ் ஆற்றில் விட்டுவிடுவார்.

தொண்ணூற்று நான்கு செப்டம்பரில் உம்மு சினான் வந்தார். முந்தைய வருஷம் தன் மாமனாரின் வைத்தியப் பிரதியை அவரிடம் விற்ற விதவை. நாற்காலியில் உட்காரவில்லை.

"சினானைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. பட்டாளத்துலேருந்து ஓடினவனாம். அவனுக்குப் பதினாறுதான் ஆகுது. உயரமா வளர்ந்தது அவன் தப்பா?"

ஓடியவர்களுக்குக் காதை வெட்டும் ஆணை அப்போதுதான் வந்திருந்தது. கர்பலாவில் அவன் பிறப்பைப் பதிந்த அலுவலகம் தொண்ணூற்றொன்று கலவரத்தில் எரிந்துபோயிருந்தது. தேதி எழுதியிருந்த ஒரே இடம், தாத்தா கைப்பட எழுதிய முன்தாள்.

அபூ நவார் மேஜையைப் பார்த்தபடியே சொன்னார். "ஆத்துல விட்டுட்டேன்."

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்க."

"முப்பது வருஷத்துல ஒரு பொய் எழுத்து எழுதினதில்லம்மா."

"உங்க நல்ல பேரை நான் என்ன, ரொட்டிக்குத் தொட்டுக்கவா?"

அன்று மாலை ஒத்துக்கொண்டார். தாத்தாவின் ஓரக்குறிப்புகளில் ஒரு பக்கத்தை விற்கும் முன் நகலெடுத்து வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார். மறுநாள் மதியத்துக்குள் தாள் தயார். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

"அப்படியே இருக்குங்க. கொண்டுபோங்க," என்றேன்.

"டேய் பட்டதாரி, மை பளபளங்குது பாரு. பதினாறு வருஷத்து மையா இது? ஒருத்தன் மோந்து பார்த்தாலே கதை முடிஞ்சுது."

மாதுளைத்தோலைக் காய்ச்சிப் பழைய மை போல ஒன்று செய்து மறுபடி எழுதினார். தேநீரில் நனைத்தார். வெயிலில் காயவைத்தார். மடிப்பு புதிதாகத் தெரிகிறது என்று அதையும் கிழித்துவிட்டு மூன்றாவது எழுதினார். உம்மு சினான் வாசலில் நின்று, "போதும் அபூ நவார், போதும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் காதில் விழவே இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது அந்தத் தாள்.

நான்காம் நாள் காலை மூவரும் சினானை வைத்திருந்த ராணுவ முகாமுக்குப் போனோம். குமாஸ்தா தாளின் மையை மோந்து பார்க்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. தேதியை மட்டும் விரலால் தடவிப் படித்தார். விரல்விட்டு எண்ணினார். முத்திரை குத்தினார்.

"சின்னப் பையன்தான். கூட்டிட்டுப் போங்க. ஆஸ்பத்திரியில இருக்கான்," என்றவர் தாளைத் திருப்பிக் கொடுத்தபடி, "நேத்துக் காலையில கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்றார்.

உம்மு சினான் அபூ நவாரைத் திட்டவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு கிலோ பேரீச்சம்பழத்தோடு அபூ நவார் அவர்கள் வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும். கதவைத் திறந்தது சினான்தான். தலையைச் சுற்றிக் கட்டு. அபூ நவார் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். தணிவாகத்தான் பேசினார்.

பையன் மரியாதையாகத் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சொன்னான்.

"கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க, பெரியப்பா."