கோவையில் இறங்கிய கொச்சி விமானம்

கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்தின் வருகைப் பலகையில், மஸ்கட் விமானத்துக்கு நேரே இருந்த எழுத்துகள் சிவப்பாக மாறிய அந்தக் கணம்தான் இன்றும் முதலில் கண்முன் வருகிறது. கொச்சியில் தரையிறங்க முடியாத மழை. விமானத்தைக் கோயமுத்தூருக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அதில் என் அக்கா இருந்தாள்.

அக்கா மஸ்கட்டில் நர்ஸ். கேரள எல்லையோரம் வேலந்தாவளத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலில் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இனி வைத்தியமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். தகவல் சொன்ன அன்று அவளுக்குக் கிடைத்தது கொச்சி விமானம் மட்டும்தான். கடலைத் தாண்ட மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து காரில் ஊர் வந்து சேரவும் ஏறக்குறைய அவ்வளவு ஆகும். அவளை அழைத்துவர நான் காலையிலேயே கிளம்பியிருந்தேன்.

பலகையைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கோயமுத்தூரிலிருந்து எங்கள் வீடு ஒரு மணி நேரப் பாதை. அக்கா அங்கேயே இறங்கிவிட்டால் போதும். அதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"தம்பி, எறங்க உட மாட்டேங்கறாங்க. மழை விட்டதும் கொச்சிக்கே போயிருமாம்."

அக்கா யாரிடமும் கெஞ்சிப் பழகாதவள். அன்று விமானப் பணிப்பெண்ணிடம் அவள் கெஞ்சியதைப் போனில் கேட்டேன். பைலட்டிடமே பேசப் போவதாகச் சொன்னாள். தொடர்பு அறுந்தது. அம்மாவோ வீட்டிலிருந்து மறுபடி மறுபடி கூப்பிட்டு, அப்பாவுக்குக் கை சில்லிடுகிறது என்றாள். நான் கண்ணாடிச் சுவரருகே நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டில் பயிர்செய்து மழைக்கு ஏங்கும் குடும்பம் எங்களுடையது. ஆனாலும் மேகம் விலகுமோ என்று நான் அவ்வளவு பயந்தது அன்றைக்குத்தான். மழை விட்டால் அந்த விமானம் அவளைத் தூக்கிக்கொண்டு அப்பாவைவிட்டுத் தூரம் வந்துவிடும்.

மழை விட்டது. ஒவ்வொன்றாக விமானங்கள் இறங்கத் தொடங்கின. பலகையில் மஸ்கட் விமானத்துக்குப் புது நேரமும் போட்டார்கள். அக்காவின் போன் அணைந்தே கிடந்தது. வேறு வழி தெரியாமல் அங்கேயே நின்றேன். கடைசியில் ஏதோ புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அக்காதான்.

"டாக்சிக்காரரு போன்ல பேசறேன். சாவடி தாண்டிட்டோம், ஊருக்குப் பக்கம் வந்தாச்சு. பொட்டியெல்லாம் பிளேன்லயே வருது. நீ கெளம்பி வா."

பைலட் அதிகாரிகளிடம் பேசி அவளை மட்டும் இறக்கிவிட்டிருக்கிறார். நான் பெட்டிக்காகக் காத்திருக்கவில்லை. நனைந்த சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, பாதி வழியில் ஆலத்தூரை நெருங்கும்போது அம்மா கூப்பிட்டாள். எடுத்ததும் அழுகைதான் கேட்டது. காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் ஊரே நின்றது. அக்கா கசங்கிய சுடிதாரோடு வந்து கார்க் கதவைத் திறந்தாள். அப்பா அவளைப் பார்த்தாரா என்று கேட்டேன்.

"கையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். தம்பி எங்கன்னு எங்கிட்டயே கேட்டாரு. கொச்சிக்குப் போயிருக்கான்னு சொன்னேன். சரி, அவங்கக்காளக் கூட்டிட்டு மெதுவா வரட்டும்னாரு. அவ்வளவுதான்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.