வீராயி தைத்த பெட்டிகள்

நவநீதன் பெயரைக் கேட்டாலே எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. காந்தி மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் பெரிய மனிதர். அவர் என்ன செய்தார் என்று சொல்வதற்கு முன் வீராயி யாரென்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என் கோபம் யாருக்கும் விளங்காது.

தாராநல்லூரில் எங்கள் ஸ்டோரில், ஒரே வாசலுக்குள் வரிசையாகக் கட்டிய வீடுகளில், ஐந்தாறு குடித்தனங்கள். மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. முன் வீட்டில் நான், லூர்துராணி, என் தையல் மிஷினோடு. கடைசி வீட்டில் வீராயியும் அவள் புருஷன் காத்தமுத்துவும். கல்யாணமாகி வந்த புதிதிலிருந்தே அவளுக்கு நவநீதன் மண்டியில்தான் வேலை. லாரியில் வந்து இறங்கும் தக்காளியை நல்லது, நசுங்கியது, அழுகியது என்று தரம் பிரிக்க வேண்டும். காத்தமுத்து அங்கேயே மூட்டை தூக்கினார். ஒரு மழை நாளில் லாரியிலிருந்து சறுக்கி விழுந்து இடுப்பு போனது. பார்க்க வந்த நவநீதன் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார். அதோடு சரி.

நாள் முழுக்கத் தக்காளியில் கைவைக்கிறவள் வீட்டுக்குக் கொண்டு வருவது நசுங்கினதை மட்டும்தான். "ஒரு நாளாவது அடிபடாத தக்காளியில ரசம் வைக்கணும்க்கா" என்பாள். அதற்காகத்தான் மாடியில் செடி வைத்தாள்.

தொட்டி வாங்க வழியில்லை. மண்டிகளுக்குப் பின்னால் ஒரு குப்பை மேடு உண்டு. உடைந்த பிளாஸ்டிக் பெட்டிகளை அங்கே எறிவார்கள். எறிந்ததை யார் எடுத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். மார்க்கெட்டில் அதுதான் வழக்கம். மூலை பிளந்தது, அடி கழன்றது என்று அவள் பொறுக்கி வந்தாள். ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிசலின் இரண்டு பக்கமும் வரிசையாகத் துளை போடுவாள். அதில் கட்டுக்கம்பியைக் கோத்து இழுத்து முறுக்குவாள். நான் துணியில் போடும் தையல் போலவே இருக்கும். சில இடங்களில் என்னுடையதை விட நேராக. உள்ளே அரிசிச் சாக்கை விரித்து, மண்ணும் தேங்காய் நார்க்கழிவும் மட்கின காய்கறிக் குப்பையும் கலந்து நிரப்பினாள். தண்ணீர் வடியட்டும் என்று செங்கல் மேல் தூக்கி வைத்தாள். நான் துணி காயப்போடும் இடத்தையே அவளுக்கு விட்டுக் கொடுத்தேன்.

செடி கொள்ளாமல் காய்த்தது. முதல் பழங்கள் சிவந்ததும் அந்தப் பைத்தியக்காரி என்ன செய்தாள் தெரியுமா? ரசம் வைக்கவில்லை. முதல் பறிப்பு வேலை கொடுத்த இடத்துக்குத்தான் போக வேண்டுமாம். தட்டில் வெற்றிலை வைத்து, அதன் மேல் பழங்களை அடுக்கி, நவநீதனின் கல்லாப்பெட்டி மேல் கொண்டு போய் வைத்தாள்.

"உங்க பெட்டியில விளைஞ்சது முதலாளி" என்றாளாம்.

அந்த வார்த்தை அவருக்குப் போதுமாயிருந்தது. தக்காளி அனுப்பும் வெளியூர்க்காரர்கள், மண்டி எழுத்துப் போட்டு அவர் கொடுக்கும் காலிப் பெட்டிகள் குறைகின்றன என்று அப்போது அவரை நச்சரித்துக் கொண்டிருந்தார்கள். காணாமல் போன பெட்டிகளுக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டும். இவள் தட்டோடு வந்து நின்றாள். அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார். கைசுத்தம் இல்லாதவள் என்று மற்ற மண்டிகளுக்கும் சொல்லி வைத்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் மார்க்கெட்டில் யாரும் அவளை உள்ளே விட மாட்டார்கள். காத்தமுத்துவின் மாத்திரையும் வீட்டு அடுப்பும் அவள் கையை நம்பித்தான் இருந்தன.

மறுநாள் நவநீதன் லோடு ஆட்டோவோடு வந்து எங்கள் மாடி ஏறினார். பெட்டிகளில் அவர் மண்டியின் சிவப்பு எழுத்து இருந்தது உண்மைதான். வீராயி அதைச் சுரண்டக்கூட இல்லை. திருடினவள் சுரண்டியிருக்க மாட்டாளா?

"என் மண்டி எழுத்து இருக்கு பாருங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று கூடி நின்ற எங்களுக்குக் காட்டினார்.

"குப்பையில கெடந்ததை எடுத்தா திருட்டாங்க? வாய் கூசலையா உங்களுக்கு?" என்று நான் கத்தினேன்.

வீராயி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "விடுக்கா. முதலாளி, உங்க பெட்டி உங்களுக்குத்தான். நீங்க எறிஞ்ச மாதிரியே தரேன். கம்பி மட்டும் நான் வாங்கினது."

கட்டிங் பிளேயரை எடுத்து வந்து உட்கார்ந்தாள். முறுக்கைப் பிரித்து, ஒவ்வொரு துளையிலிருந்தும் கம்பியை உருவினாள். மூலை விலகியது, அடி கழன்றது, மண் சரிந்தது, காயோடு செடி சாய்ந்தது. அடுத்த பெட்டி. அதற்கடுத்தது. எனக்கு அழுகையாக வந்தது. அவள் அழவில்லை.

"சரி சரி, பிரிச்சதை மட்டும் குடு, மிச்சம் இருக்கட்டும்" என்றார் நவநீதன். குரல் இறங்கியிருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. உங்க பொருள் எங்க வீட்ல இருக்க வேணாம்."

துண்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலை மார்க்கெட்டுக்குப் போனேன். காய் வாங்கத்தான் போனேன், சத்தியமாக. மண்டிகளுக்குப் பின்னால் அதே குப்பை மேட்டில் அதே துண்டுகள் கிடந்தன. மேலே சிவப்பு எழுத்து. விரிசலின் இரு ஓரமும் அவள் சுட்ட துளைகள். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு நேரே நவநீதன் மண்டிக்குள் போனேன். அவள் தட்டு வைத்த அதே கல்லாப்பெட்டி மேல் வைத்தேன்.

"உங்க பொருள் குப்பையில கெடக்குதுங்க. நேத்து எங்க வீட்டுக்கு ஆட்டோ கொண்டாந்து ஏத்திட்டு வந்தீங்களே, அதேதான். யாராச்சும் திருடிடப் போறாங்க, உள்ள எடுத்து வைங்க."

மூட்டை தூக்குகிறவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பக்கத்து மண்டி நஸ்ருல்லா பாய் எழுந்து வந்து, துண்டைத் திருப்பிப் பார்த்து, துளைகளை விரலால் தடவினார். நவநீதன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வீராயிய என் மண்டிக்கு வரச் சொல்லும்மா" என்றார் பாய்.

ஓடி வந்து சொன்னேன். வீராயி மாடியில், சாய்ந்த செடிகளை அரிசிச் சாக்குகளில் நட்டுக்கொண்டிருந்தாள். பாதி வாடிவிட்டன. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மூலையில் கிடந்த கம்பிச் சுருளைப் பார்த்தாள்.

"பாய் மண்டியிலயும் பெட்டி உடையும்லக்கா" என்றாள். "ஆனா இனிமே கேட்டுட்டுத்தான் எடுக்கணும்."

குப்பையில் கிடப்பதை எடுக்கக்கூட அனுமதி கேட்கிறவளாக அவளை ஆக்கிவிட்டான் அந்த ஆள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.