மாப்பிள்ளை வந்த லாரி

எங்கள் தெருமுனையில் நேற்று ஒரு லாரியிலிருந்து இரும்புக் கம்பி இறக்கினார்கள். மஞ்சள் சட்டையும் ஹெல்மெட்டும் போட்ட ஒரு பையன், நைலான் பட்டையைத் தளர்த்துவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, “பெருசு, தள்ளி நில்லுங்க” என்றான். மறுபேச்சில்லாமல் தள்ளி நின்றேன். நின்ற பிறகுதான் கவனித்தேன், இரண்டு கையாலும் இடுப்பு வேட்டியை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். எண்பதைத் தாண்டிய பிறகும் பாரம் இறக்குவதைக் கண்டால் என் கை அங்கேதான் போகிறது.

அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டையில் ஒரு லாரி ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி லூர்து ஆவூர்க்காரி. முன்னாலேயே தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் முதல் விருந்துக்குப் போக வேண்டும். அன்றைக்கென்று ஆவூர்ப் பள்ளிக்கூடத்துக் கூரைக்காகக் கறம்பக்குடியில் பனஞ்சட்டம் ஏற்றிய எங்கள் லாரி வந்து நின்றது. டிரைவர் சுப்பையாண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். லாரியிலிருந்து மாப்பிள்ளை இறங்கினால் மதிப்பாக இருக்கும் என்ற நினைப்புதான், வேறென்ன.

இடுப்பில் மாமனார் எடுத்துக் கொடுத்த சரிகை வேட்டி. அதற்கு உள்ளே இருந்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் ஆபீசில் மைதா மாவு வந்து இறங்கும். அந்தக் காலி மூட்டைத் துணி நன்றாக உழைக்கும் என்று என் அம்மா அதிலேயே எனக்கு உள்கால்சட்டை தைப்பாள். எத்தனை வெளுத்தாலும் ஆலையின் சிவப்பு முத்திரை மட்டும் போகாது. அது சரியாகப் பின்பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

வழியெல்லாம் பள்ளம். ஆவூர்க் கோயிலுக்குப் பக்கத்தில், சரிவில் வண்டி நின்றபோது பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சுப்பையாண்ணன் அண்ணாந்து பார்த்துவிட்டு, “கயித்த யாரும் தொடாதீங்க. சக்கரத்துக்குக் கல்லு வச்சு, முட்டுக் குடுத்துட்டு, அங்கிட்டு, சாயாத பக்கமாப் போயி அவுப்போம்” என்று சொல்லிக் கல் தேடிப் போனார்.

அவர் போன பிறகு வந்து சேர்ந்தவர் சூசை. லூர்துவின் தாய்மாமன், ஊரில் பாரம் இறக்குகிறவர். பாரம் சாய்ந்த பக்கமே நான் நின்றிருந்தேன். என் இரு கையையும் பிடித்துக்கொண்டு, “மாப்ளய வெயில்ல நிக்க வைக்கலாமா? செத்த நேரத்துல எறக்கிட்டு வீட்டுக்குப் போவோம்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் முடிச்சை உருவிவிட்டார்.

லாரியின் பக்கப் பலகை பிளந்து சட்டங்கள் சரிந்தன. கல்லோடு திரும்பி வந்த சுப்பையாண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் இதை எழுத நான் இல்லை. நான் தப்பினேன். வேட்டி தப்பவில்லை, சட்டங்களுக்கு அடியில் போய்விட்டது. எதிரே மாமனார் வீட்டு வாசலில் மாமியார், அக்கம்பக்கத்துப் பெண்கள். முத்திரையோடு ஓடி முன்சக்கரத்துக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

அப்போதுதான் சூசையின் அலறல் காதில் விழுந்தது. அவருடைய கால் ஒரு சட்டத்தின் அடியில். மேலே இன்னொன்று பாதி சரிந்து தொங்க, அதைத் தோளில் தாங்கி நின்ற சுப்பையாண்ணன் கத்தினார்: “ஆம்பளைங்க ஆருமில்லயா? ஒருத்தர் வாங்கய்யா!”

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கத்தான் நினைத்தேன், உடம்பு வரவில்லை. லூர்து வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்து, அந்தச் சட்டத்துக்குத் தன் தோளைக் கொடுத்தாள். அவள் கால் வழுக்குவதைப் பார்த்த பிறகுதான் நான் வெளியே வந்தேன். ஊர் பார்க்க, கீழே கிடந்த சட்டத்தைக் கட்டிப் பிடித்துத் தூக்கினேன். மாமியார் சூசையை அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்தார். இருவரும் விலகியதும், “விடுங்க!” என்றார் சுப்பையாண்ணன். எல்லாம் தரையில் விழுந்து புழுதி கிளம்பியது.

“உள்ள போங்க. ஆளுங்க வாராங்க” என்றாள் லூர்து, என்னைப் பார்க்காமலே.

விருந்து நடக்கத்தான் செய்தது. மாமனாரின் பழைய வேட்டியில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் சுவரைப் பார்த்தபடி, “மாப்பிள்ள, கூச்சப்படாமச் சாப்பிடுங்க” என்றார். சாயங்காலம் காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய சூசையைப் பார்க்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னால ஒங்க நல்ல வேட்டி போச்சே மாப்ள” என்று அழுதார். கடைசிவரை விந்தி விந்தித்தான் நடந்தார். என்னைக் கண்டால் அந்த வேட்டிக்காகத்தான் வருத்தப்படுவார்.

லூர்து ஒரு தடவைகூட அதைக் குத்திக் காட்டியதில்லை. பிள்ளைகள் கேட்டால், “ஒங்கப்பாதான் தூக்குனாரு” என்பாள். நான் எழுந்து போய்விடுவேன்.

மரக் கேபின் வைத்த லாரிகள் இன்று இல்லை. பனஞ்சட்டம் போட்டு யாரும் கூரை மேய்வதில்லை. சுப்பையாண்ணன், சூசை, மாமியார் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். போன வருஷம் லூர்துவும் போய்விட்டாள். அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரிந்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.