படத்திலிருந்தவர்

ஜெயிலிலிருந்து வந்த கோவிந்தப்பா நேராக, வீடிருந்த மர்பி டவுனுக்குத்தான் பஸ் ஏறினார். சாராயக்கடைச் சண்டையில் சக கொத்தனாரை அடித்துக் கொன்றவர். அதை ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. உள்ளே போனபோது மகள் மமதா கைக்குழந்தை. அவள் வாயால் ஒருதரம் 'அப்பா' என்று கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

பழைய வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். பக்கத்துவீட்டு பவுலினம்மா வழி சொல்ல, ஈஜிபுராவுக்குத் தேடிப் போனார். கதவைத் திறந்த மனைவி சந்திரம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது. உள்ளே சுவரில் அவர் படம், மாலையோடு. அன்று மஹாளய அமாவாசை. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்கும் நாள். இலையில் கறிக்குழம்பு, வடை. பக்கத்தில் பிராந்தி, பீடிக்கட்டு, புது வேட்டி சட்டை. அட பாவமே, இறந்தவர் வாசலில் நிற்கிறார்!

"கொலைகாரன் மகள யாருய்யா கட்டுவான்? நீ செத்துட்டன்னு சொல்லித்தான் குடுத்தேன்," என்று சந்திரம்மா அடிக்குரலில் அழுதாள். "மமதாவும் சம்பந்தியும் வந்திருக்காங்க. சந்தாபுராவுல இருக்கற என் கொழுந்தன்னு சொல்றேன். சும்னே, வாயத் தொறக்காம இருந்துடுய்யா, உன் கால்ல விழறேன்."

படத்தில் முறுக்கு மீசை, சுருட்டை முடி. இவருக்கோ முடியுமில்லை, முன்பல்லுமில்லை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "நீங்க காட்டுங்கண்ணா," என்று சம்பந்தியம்மா பாகீரதி கற்பூரத் தட்டை நீட்டினாள். தனக்குத்தானே கற்பூரம் காட்டுகிற கொடுமை எந்தப் பாவிக்கும் வரக்கூடாது. தட்டை வாங்கிச் சுற்றினார்.

"ஐயே, இடக்கைல காட்டறீங்களே! கை மாத்துங்கண்ணா!"

கொத்துக்கரண்டி பிடித்ததும் அந்தக் கைதான், அடித்ததும் அதுதான். மமதா அந்தக் கையையே பார்த்தாள். அவளுக்கும் இடக்கைதான் வரும். 'அப்படியே உங்கப்பன்' என்று அம்மா அதில் அடிக்காத நாளில்லை. அவள் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சந்திரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

சாப்பாடு முடிந்ததும், படைத்த துணியை எடுத்துக்கொண்டு மமதா வாசல்வரை அவரோடு வந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. கோவிந்தப்பா அவள் வாயையே பார்த்தார். இதோ, கூப்பிடப் போகிறாள்.

"உங்களுக்குன்னு எடுத்ததுதான்," என்றாள். உள்ளே மாமியாரின் குரல் கேட்டது. துணியை அவசரமாக அவர் கையில் திணித்தாள். "இனிமே இங்க வராதீங்க, சித்தப்பா."

தெருமுனைக் கடையில் அவர் சந்தாபுரா பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். அந்த ஊரில் அவருக்கு யாருமே இல்லை.