பார்த்தேன் பொத்தான்

எங்க அக்காவுக்கு ஒரு இடத்துல உட்கார வராது. சாப்பிடும்போதுகூட நாலு தடவை எழுந்து போவா. அப்படிப்பட்டவளுக்கு நாள் பூரா நாற்காலியில உட்கார்ந்து பொத்தான் அமுக்குற உத்தியோகம் கிடைச்சுது. தலையெழுத்து!

படுத்த படுக்கையா கிடக்குறவங்களுக்கு அரசாங்கம் வீட்டுக்கே உதவியாள் அனுப்பும். யாருக்கு அனுப்பணும், யாருக்கு நிறுத்தணும்னு இப்பல்லாம் கம்ப்யூட்டரே முடிவு பண்ணுது. அதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வருது, வருதுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க, வந்தபாடில்லை. அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருந்தா நல்லா இருக்காதுன்னு அக்கா ஆபீஸ் தானாவே ஒரு நெறிமுறையை ஏத்துக்கிச்சு. மெஷின் எடுக்குற ஒவ்வொரு முடிவையும் ஒரு மனுஷர் பார்க்கணுமாம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசல்ல மாட்டினாங்க. அந்த மனுஷர் வேற யாரு, எங்க அக்காவும் அவ அறையில இருக்குற மத்தவங்களும்தான்.

திரையில முடிவு வரும். அடியில 'பார்த்தேன்'னு ஒரு பொத்தான். கொஞ்ச நேரம் அமுக்காம விட்டா மேலதிகாரி திரையில சிவப்பா மின்னும். அதனால அங்க ஒரு பழக்கம் உண்டு. யாராவது டீ குடிக்க எழுந்தா, பக்கத்து சீட்டுக்காரர் அவங்க பொத்தானையும் சேர்த்து அமுக்கிடுவார். என்ன ஒரு பெரிய மனசு! அக்காவுக்குப் பக்கத்து சீட்டுக்காரரை எல்லாரும் தங்கக்கம்பின்னு கூப்பிடுவாங்க. அவருக்கு யார்கிட்டயும் முடியாதுன்னு சொல்லத் தெரியாது. அக்காவோ நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து போறவ. பாவம், அவருக்குக் கை ஓயாது.

ஒருநாள் மத்தியானம் ஒரு பஸ் டிரைவர் கவுன்டர்ல வந்து நின்னார். அவர் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே அசைவே கிடையாது. வந்துக்கிட்டிருந்த உதவியாளை நிறுத்திட்டாங்க. இவர் பஸ் எடுக்கப் போனா அவங்களைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் இல்லை. போகலைன்னா வேலை போயிடும்.

"இந்த முடிவை ஒரு மனுஷர் பார்த்தார்னு போட்டிருக்கே, அவரை நான் பார்க்கணும்"னார். கத்தக்கூட இல்லை.

மேலதிகாரி கம்ப்யூட்டர்ல தேடினார். அக்கா சீட்டுல அமுக்கினதுன்னு காட்டுச்சு.

அக்கா அந்த முடிவைக் கண்ணால கண்டதே இல்லை. நிறுத்தின காரணத்தை எடுத்துப் படிச்சா, மனைவியை அவரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போயிருக்காராம், அதனால வீட்டுல பார்த்துக்க ஆள் இருக்காம். அட, தூக்கிக்கிட்டு ஓடாம வேற என்ன செய்வார் மனுஷன்?

"பார்த்தேன்னு சொல்லி, மேல்முறையீடு போடச் சொல்லும்மா"ன்னார் மேலதிகாரி.

"அது முடிய மாசக்கணக்காகும் சார். நான் பார்க்கவே இல்லையே!"

"இது சட்டமாம்மா? நாமளா ஏத்துக்கிட்டது. மீறினா யாரும் நம்மளைக் கேட்க முடியாது. ஆனா மீறினோம்னு நம்ம வாயாலேயே சொன்னா மானம் போயிடும்."

நல்ல நியாயம்! அக்கா வந்து சொன்னப்ப எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அவ நேரா கவுன்டருக்குப் போனா. "மன்னிச்சுக்குங்க. நான் பார்க்கலைங்க."

டிரைவர், "சரிம்மா, அப்ப இப்ப வந்து பாருங்க"ன்னார்.

அக்கா பையைக்கூட எடுக்காம அவர் பின்னாடியே போயிட்டா. மேலதிகாரி கூப்பிட்டது காதுல விழலை. அந்த வீட்டுல ரெண்டு பேரும் சேர்ந்து அவர் மனைவியைப் புரட்டினப்ப, முதுகெல்லாம் படுக்கைப்புண். அக்கா அங்கேயே அழுதுட்டாளாம். திரும்பி வந்து, மெஷின் சொன்னது தப்பு, நான் நேர்ல பார்த்தேன்னு எழுதி, மேலதிகாரி முன்னாடி நின்னு கையெழுத்து வாங்கினப்புறம்தான் நகர்ந்தா. மறுநாள் காலையில உதவியாள் வந்துடுவார்னு டிரைவருக்கு போன் பண்ணிச் சொன்னா.

அப்பாடான்னு சீட்டுல வந்து உட்கார்ந்தா. டிரைவரோட கிளம்பும்போது அவ திரையில முடிவுகள் வரிசையா குவிஞ்சு கிடந்துச்சு. இப்ப ஒண்ணுகூட இல்லை.

தங்கக்கம்பி எட்டிப்பார்த்துச் சிரிச்சார். "ஒண்ணும் கவலைப்படாதேம்மா. நீ வர நேரமாச்சேன்னு எல்லாத்தையும் நானே அமுக்கிட்டேன்."